இலவச சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சுகிற ஆஸ்துமா செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

உலக ஆஸ்துமா தினத்தையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நோயைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் செலவு என்று வந்த இடத்தில், அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்ற ஒரே வரியோடு கடந்துவிட்டார்கள். அந்த வரி உண்மைதான், அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நெடுங்காலமாகக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டு வருத்தக்காரர் வீட்டில் காசு கரைவது வைத்தியசாலைக்குள் இல்லை, அதற்கு வெளியேதான்.

எங்கள் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரைப் பாருங்கள். மிளகாய், மல்லி, மாவு என்று எந்நேரமும் தூசிக்குள்ளேயே நிற்கிறார்கள். 2022 டிசம்பரில் காற்று மாசு மோசமானபோது நாட்டின் பாடசாலைகளுக்கே ஒருநாள் லீவு விட்டார்கள். அன்றும் இவர்கள் மூட்டை ஏற்றினார்கள். கிளினிக்கோ வார நாளில், காலையில். விடியவே போய் நம்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, அப்புறம் மருந்து வரிசையிலும் நின்று வெளியே வர மத்தியானமாகிவிடும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அன்றைய வருமானம் போனதுதான். கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கிற என்னைப் போன்றவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 7 நாள் கேஷுவல் லீவு உண்டு. நாட்டாமிக்கு யார் லீவு கொடுப்பது? அதனால் அவர் கிளினிக்கை விட்டுவிட்டு, பாமசியில் சல்பியூட்டமோல் குளிசையைச் சில்லறையாக வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு கொஞ்சம் விடும். சுவாசக் குழாயின் உள்வீக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீரொயிட் சேர்ந்த தடுப்புப் பம்ப் (இன்ஹேலர்). நிவாரணத்துக்கான நீலப் பம்பை இழுத்தால் சில நிமிடங்களில் சுகம் தெரியும். தடுப்புப் பம்பில் கிடைக்கும் சுகம் என்பது, வரவேண்டிய இழுப்பு வராமலே போவது. அதை யார் கண்ணால் காண்கிறார்கள்? ஆகவே கையில் காசு குறைந்தால் வீட்டில் முதலில் நிறுத்துவது அதைத்தான். வெளியில் வாங்குகிற ஒரு பம்பில் 200 இழுப்பு இருந்தால், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று 50 நாளுக்கு வரும். அதை ஒருநேரமாக்கி 100 நாளுக்கு இழுத்தடிக்கிறார்கள். அரைப் பம்பின் விலை மிச்சம் என்று தோன்றும். பிறகு ஒருநாள் நடுச்சாமத்தில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். ஓட்டோவுக்குக் காசு, வாட்டில் கூட நிற்கிற தாயின் சம்பளம், தகப்பனின் கூலி, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாடு, வீடு திரும்பிய பின் பயத்தில் ஒரு ஸ்பெஷலிஸ்டைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணுகிற செலவு. காதிலே கிடந்ததும் அடகுக்குப் போய்விடும். அரசாங்கத்துக்கும் இதில் இலாபமில்லை. கட்டில், ஒட்சிசன், நெபுலைசர், தாதியரின் நேரம் எல்லாம் பொதுப் பணம்தானே.

2022இல் டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, அரச வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டு, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அன்று தடுப்புப் பம்பை நிறுத்தியவர்களில் இன்னும் திரும்பத் தொடங்காத சிலரை எனக்கே தெரியும். இத்தனைக்கும், வயதுவந்தோருக்கு வெறும் நிவாரணப் பம்பை மட்டும் கொடுத்து விடக்கூடாது என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டியான ஜினா 2019இலேயே திருத்தி எழுதிவிட்டது.

சுகாதார அமைச்சிடம் நான் முதலில் கேட்பது, எந்த மருந்து தட்டுப்பட்டாலும் தடுப்புப் பம்பும், தூளாக உறிஞ்சுகிற தடுப்பு மருந்துக் கெப்சியூலும் அரச கிளினிக்குகளில் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். வருத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கான மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலிலேயே வீடுகளுக்கு அனுப்பினார்களே, அந்த ஏற்பாட்டை ஏன் தொடரக்கூடாது? கொழும்பில் நாட்கூலிக்காரர் அதிகமுள்ள இடங்களுக்காவது ஒரு மாலைநேர கிளினிக் வேண்டும்.

புறக்கோட்டை முதலாளிமாரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த நோயைக் கிளறிவிடுவதில் நம் கடைச் சரக்கின் தூசிக்கும் பங்கு உண்டு. கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டுகிற நாட்டாமிக்கு அந்த நாளின் அரைக் கூலியையாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13