பிளாஸ்டிங்குக்கு மணல் வேண்டாம், ஆர்டரிலேயே எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கிற தடா வரைக்கும், இரும்பை வெட்டி வெல்டிங் செய்கிற ரோட்டோர ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகள் சிலவற்றில் இன்னும் மணலை வைத்துத்தான் பிளாஸ்டிங் ஓடுகிறது, அதாவது பெயின்ட் அடிக்கும் முன் துருவை எடுக்க கம்ப்ரசர் காற்றில் மணலை வேகமாக அடிக்கிறார்கள். துரு நன்றாகப் போகும், விலையும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் மணலில் பெரும்பங்கு சிலிக்கா. 7 பார் காற்றழுத்தத்தில் தகட்டில் மோதினால் பொடிப்பொடியாக உடைகிறது, கண்ணுக்குத் தெரிகிற புழுதி கீழே படிந்துவிடும், தெரியாத தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. அதனால் வருகிற சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை. பிரிட்டனில் வார்ப்படங்களுக்கு மணல் பிளாஸ்டிங்கை 1949-லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே மணல் பீய்ச்சுகிற குழாய் முனையான நாசிலைப் பிடிக்கிற பையன் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வேலை முடிந்து அவிழ்த்தால் துண்டு இருந்த இடம் மட்டும் தோல் நிறம், புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. அந்த நுண்ணிய தூளைத் துண்டு தடுக்கவே தடுக்காது.

சரி, வேறு எதைப் போடுவது? அது ஜாப்பைப் பொறுத்தது. வெளியில் வைத்து அடிக்கிற டேங்க், பீம், கேட் வேலைக்கு கார்னெட் என்கிற கனிமத் தூள் போதும். புழுதி குறைவு, சலித்துச் சில தடவை திரும்பப் போடலாம். மூடிய ரூம் இருந்தால் ஸ்டீல் கிரிட், அதாவது கூர்முனை உள்ள எஃகுத் துகள், நூறு தடவைக்கு மேல் சுழலும், ஆனால் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் துருப்பிடித்துக் கட்டியாகிவிடும். ஷாட் என்கிற எஃகு மணி உருண்டையானது, பெயின்ட் பிடிக்க வேண்டிய சொரசொரப்பை கிரிட் அளவுக்குத் தராது. ஸ்டெயின்லெஸ் என்றால் ஸ்டீல் கிரிட் பக்கமே போகக் கூடாது. அப்படி அடித்து அனுப்பிய கைப்பிடிக் கம்பிகள் ஒரே மழையில் புள்ளி புள்ளியாகத் துரு பூத்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பதிந்த இரும்புத் துகள்தான் காரணம். ஸ்டெயின்லெஸுக்கு அலுமினியம் ஆக்சைடு தூள் அல்லது பொடிக் கண்ணாடி மணி, அதுவும் சாதா இரும்பில் ஏற்கெனவே போட்டதாக இருக்கக் கூடாது.

மூட்டை விலையை மட்டும் பார்த்தால் மணல்தான் ஜெயிக்கும். ஒரு தடவை அடித்ததும் அது குப்பை, அள்ளிக் கொட்டுகிற கூலி தனி. சதுர அடிக்கு எவ்வளவு செலவு என்று போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே குறையும்.

ஷெட்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய, ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகள் ரேட்டை மட்டும்தானே கேட்கின்றன? எந்த மீடியா, அதாவது எதை வைத்து அடிக்க வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதட்டும், மணல் கூடாது என்றும் சேர்த்து எழுதட்டும். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே சிலிகோசிஸ் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. அதனால் தொழிலகப் பாதுகாப்புத் துறையினர் பெரிய கம்பெனிகளோடு நிற்காமல் இந்தச் சின்ன ஷெட்டுகளுக்கும் வர வேண்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அதிகாரிகளும்தான், ஏனென்றால் இங்கே கெடுபிடி வந்தால் கம்ப்ரசரை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோக அதிக நேரம் ஆகாது. அப்புறம், கார்னெட்டுக்கு மாறினாலும் நாசில் பிடிக்கிறவருக்குச் சுத்தமான காற்று வருகிற ஹெல்மெட் கட்டாயம் வேண்டும், அதன் செலவையும் ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகள் அந்த சதுர அடி ரேட்டிலேயே சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஃபேப்ரிகேஷன் சூப்பர்வைசர் ஒருவர்,
ஆரம்பாக்கம்