துக்க வீட்டுக்கும் கேரல் வரட்டும், மதினி

அன்புள்ள மதினிக்கு,

இந்த வருஷம் ஸ்டார் கட்ட வேண்டாம், வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களும் நம் வீட்டைத் தாண்டிப் போகட்டும் என்று சொல்லிவிட்டீர்களாம். நம் பக்கத்து வழக்கம் அதுதான். பாளையங்கோட்டைத் தெருக்களில் ஸ்டார் இல்லாத கிறிஸ்தவ வீட்டைப் பார்த்தாலே, அங்கே அந்த வருஷம் ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று புரிந்துகொள்வோம். அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பலகாரம் வேண்டாம், புதுத்துணி வேண்டாம் என்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பாட்டை மட்டும் வேண்டாமென்று சொல்லாதீர்கள். கிறிஸ்துமஸ் பாட்டு முதலில் துக்க வீட்டுக்குத்தான் சொந்தம்.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டுகள் எங்கே பிறந்தன என்று பாருங்கள். லாங்ஃபெல்லோ என்ற அமெரிக்கக் கவிஞர். 1861 ஜூலையில் அவர் மனைவியின் உடுப்பில் தீப்பிடித்தது. அணைக்க ஓடியவருக்கும் தீக்காயம். மனைவி மறுநாள் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போகக்கூட அவரால் எழுந்திருக்க முடியவில்லை. 1863 நவம்பரில் உள்நாட்டுப் போரில் மூத்த மகன் குண்டடி பட்டான். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் மணியோசையைக் கேட்டுத்தான் அவர் பாட்டு எழுதினார். மணி அடிக்கிறது, பீரங்கிச் சத்தம் அதை அமுக்குகிறது, பூமியில் சமாதானமே இல்லை என்று தலை குனிகிறார். அப்புறம்தான் மணி இன்னும் உரக்கக் கேட்கிறது: தேவன் மரிக்கவில்லை, உறங்கவும் இல்லை. பாட்டுப் புத்தகங்களில் பீரங்கி வருகிற சரணங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. தலை குனிந்த சரணத்தைப் பாடாமல் கடைசிச் சரணத்தை மட்டும் எப்படிப் பாடுவது?

‘சைலன்ட் நைட்’ பாட்டை நாம் ‘ஒப்பில்லா திரு இரா’ என்று பாடுவதும் அப்படிப்பட்ட காலத்துப் பாட்டுதான். ஜோசப் மோர் அதை எழுதிய 1816, நெப்போலியன் போர்கள் முடிந்த மறுவருஷம். ஐரோப்பாவில் வெயிலே சரியாகக் காயாத கோடை, பயிர் கெட்டுப் பசி. நம் சபையிலும் நடக்கிற ஒன்பது வாசக ஆராதனையைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918-இல் தொடங்கியவர், போர்முனையில் ராணுவக் குருவானவராக இருந்துவிட்டு வந்த மில்னர்-வைட்.

வேதத்தில் அன்னாளை நினைத்துப் பாருங்கள், மதினி. சண்டே ஸ்கூல் நாடகத்தில் தலையில் துண்டு கட்டிய மேய்ப்பர்கள் வருவார்கள், ஜிகினா ஒட்டிய இறக்கையோடு தூதர்கள் வருவார்கள். அன்னாளுக்கு யாரும் வேஷம் கொடுப்பதில்லை. லூக்கா அவளை விடவில்லை. 7 வருஷம் புருஷனோடு வாழ்ந்தவள், 84 வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காதவள். குழந்தையைக் கண்டதும் கர்த்தரைப் புகழ்ந்து, மீட்புக்குக் காத்திருந்த எல்லோரிடமும் அவரைப் பற்றிப் பேசினாள். புருஷனை இழந்தவளுக்கு இந்தப் பண்டிகையில் இடமில்லை என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரத்தை எடுத்துக் காட்டுங்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த அட்வெந்து நாட்களில் கொயர் பிராக்டிஸுக்குப் போனேன். அண்ணனுடைய சோல்ஃபா நோட்டைத்தான், ஸ்வரங்களை எழுத்தில் எழுதிய பாட்டு நோட்டைத்தான், கையில் கொடுத்தார்கள். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிக்கு அடியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்: எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே மேல்குரலான டெனருக்கு வழி விட வேண்டும் என்று. ஓரிடத்தில் “அவசரம் வேண்டாம்” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார். ‘கேள்! ஜென்மித்த ராயர்க்கே’ எடுத்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்கவில்லை. சொப்ரானோ, ஆல்டோ, டெனர் எல்லாம் என்னைச் சுற்றி ஏறிக்கொண்டே போயின. மனுஷர் இனிச் சாகாதிருக்கவே அவர் பிறந்தார் என்று 1739-இல் சார்லஸ் வெஸ்லி அதில் எழுதி வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து பாடுகிற பாட்டு. அன்றைக்குத்தான் அது நம் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையாகக் காதில் விழுந்தது. கடைசிப் பல்லவிக்கு நானும் சேர்ந்துகொண்டேன். அழுதுகொண்டேதான் பாடினேன், சந்தோஷமாகவும் இருந்தது, மதினி. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. தனியாக வீட்டில் ஜெபித்தபோது இது கிடைக்கவில்லை. நம்மால் விசுவாசிக்க முடியாத நாளில் பக்கத்தில் நிற்கிறவர்கள் நமக்கும் சேர்த்து விசுவாசித்துப் பாடுகிறார்கள். அதற்குத்தான் சபை.

அதனால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். டிரம்ஸ் இல்லை, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் இல்லை. ஆர்மோனியம் மட்டும், இரண்டே பாட்டு, ஒரு ஜெபம். நீங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்றுகூட இல்லை; உள்ளே இருந்தே கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் எனக்கு ஒரு போன் போடுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. பெரியவனுக்கு இந்த வருஷம் குரல் உடைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் அவன் முணுமுணுத்ததைக் கேட்டேன், சுத்தமான பேஸ். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குப் பிராக்டிஸ் இருக்கிறது. அவனுக்கு மனமிருந்தால் அனுப்பிவையுங்கள். நானே வந்து கூட்டிப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். நோட்டை அவனிடமே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்