செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, சீனியர் அண்ணன்களே, அக்காக்களே, மருத்துவம் படிக்க இந்த ஆண்டு ஜார்ஜியா நாட்டின் பதுமி நகருக்கு வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

பொங்கல் நடந்தது, பானை பொங்கியதோடு ஹாஸ்டல் புகை அலாரமும் அலறியது. தேர்வு மாதங்களில் கூட்டமே போடவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதில் ‘ஷுக்குத்தி, வேன் வாடகை’ என்று ஒரு வரி வரும். வீண்செலவு என்று போன கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்ததால் அதை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. குரியா வட்டாரத்து ஷுக்குத்தி கிராமத்தில் ‘லேலோ புர்த்தி’ என்ற பந்தாட்டம் ஆடுவது ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான். மேல் ஷுக்குத்திக்கும் கீழ் ஷுக்குத்திக்கும் போட்டி. ஆள் கணக்கு இல்லை, நேரக் கணக்கும் இல்லை. பந்தைத் தங்கள் பக்கத்து ஓடைவரை கொண்டுபோனவர்களுக்கே வெற்றி. தோலில் தைத்து, மண் அடைத்து, ஒயினும் ஊற்றிய பந்து. எடை சுமார் 16 கிலோ! நம் வீட்டு சிலிண்டரில் அடைக்கிற கேஸே 14.2 கிலோதான்.

பாதிரியார் ஆசி கொடுத்துப் பந்தை எறிந்தார். அதற்கப்புறம் பந்து கண்ணில் படவே இல்லை. ஆண்கள் ஒரே திரளாக முண்டியடிக்க, நடுவிலிருந்து வேர்வை ஆவிதான் எழும்பியது. ‘யாரும் உள்ளே போகாதீர்கள்’ என்று எச்சரித்த நம் துணைச் செயலாளர்தான் முதலில் போனார். ஒற்றை ஷூவோடு திரும்பினார். அதற்குச் சங்கம் பொறுப்பல்ல.

ஜெயித்தவர்கள் பந்தை ஊர்க்காரர் ஒருவரின் கல்லறைமேல் கொண்டுபோய் வைப்பது வழக்கம். பந்து அந்த ஆண்டு செத்தவருக்குக் காணிக்கை. சுற்றிலும் பழைய கல்லறைகள்மேல் பழைய ஆண்டுகளின் பந்துகள், தோல் வெடித்துக் கிடந்தன. உயிர்த்தெழுந்த நாளில் இங்கே செத்தவர்களையும் விட்டுவிடுவதில்லை; சிவப்பு முட்டையும் ஒயினும் அவர்களுக்கும் பங்கு உண்டு. இது விளையாட்டா சடங்கா என்று திரும்பும்போது வேனில் ஒரே சண்டை. பந்தைக் கோப்பைபோல் வீட்டுக்கு எடுத்துப்போகாதவர்கள் ஆடுவது சடங்குதான் என்பது என் கட்சி. ஜார்ஜிய அரசு 2014-இல் இதைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. நாட்டின் ரக்பி அணியையும் ‘லேலோக்கள்’ என்றே அழைக்கிறார்கள்.

2026-இல் இங்கே ஈஸ்டர் ஏப்ரல் 12. வேன் முன்பணத்துக்கு அவை ஒப்புதல் தர வேண்டுகிறேன். உள்ளே இறங்க நினைப்பவர்கள் பழைய ஷூ போட்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்