பின் நம்பரை என்னிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், லமினேட்டிங், பாஸ்போர்ட் சைஸ் படம் என்றுதான் பெயர்ப்பலகையில் இருக்கிறது. ஆனால் இப்போது பெரும்பாலானவர்கள் வருவது வேறு அலுவலாக. "தம்பி, வட்ஸ்அப் வேலை செய்யேல்லை." "பாங்க் அப் திறக்குதில்லை." "காசு வெட்டுப்பட்டிட்டுது, கடைக்காரருக்குப் போகேல்லையாம்." போனைக் கண்ணாடி மேசையில் வைக்கும் கையோடு பின் நம்பரையும் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் சத்தமாக, பக்கத்தில் ரீலோட் போட நிற்கும் பெடியனுக்கும் கேட்கும்படி. சென்ற மாதம் ஓர் அம்மா கொண்டுவந்த போனின் கவரைக் கழற்றினால், உள்ளே ஒரு பஸ் டிக்கெட். அதன் பின்பக்கத்தில் வங்கி அப்பின் யூசர் நேம், பாஸ்வேர்ட், ஏ.டி.எம். இலக்கம் மூன்றும் நீல மையில் அழகாக எழுதப்பட்டிருந்தன.

அந்த அம்மாவில் பிழை சொல்ல மாட்டேன். வேறு எங்கே போவார்? கவுண்டருக்கு வராதீர்கள், எல்லாம் அப்பில் செய்யலாம் என்று வங்கிகள் சொல்கின்றன. நல்லதுதான், மின்சாரப் பில் கட்ட வெயிலில் நிற்க வேண்டியதில்லை. அப் நின்றுவிட்டால் ஹொட்லைன். ஹொட்லைனில் தமிழுக்கு ஓர் இலக்கத்தை அழுத்தி, பாட்டுக் கேட்டு, ரீலோட் காசு கரைந்து, கடைசியில் பேச வருபவருக்குத் தமிழ் தெரியாது. கிளைக்குப் போகச் சொல்வார். கிளையில் இருக்கும் பிள்ளை, "அப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்கோ" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிடும். அழிப்பதும் திரும்பப் போடுவதும் யார்? நான்தான். வங்கி எனக்குச் சம்பளம் தருவதில்லை. வாடிக்கையாளர் என்னிடம் தன் கணக்கின் திறப்பைத் தந்துவிட்டுப் போகிறார் என்பது அந்த வங்கிக்குத் தெரியவும் தெரியாது.

என்னிடம் வருகிற போன்களில் முக்கால்வாசியில் பழுது எதுவும் இல்லை. நாலைந்து செட்டிங்ஸ்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே எழுதினால் சிலராவது வீட்டிலேயே சரிசெய்து கொள்வார்கள்.

முதலாவது, இந்தப் பகுதியில் அதிகம் கேட்கும் முறைப்பாடு. "மகள் விடிய அடிச்சவளாம், எனக்குச் சத்தமே கேக்கேல்லை. போனை எடுத்துப் பாத்தால் மிஸ்ட் கோல் எல்லாம் ஒண்டாய் வந்து விழுது." கோடைகாலத்தில் டொரன்டோவில் இரவு எட்டரை மணி என்றால் இங்கே விடிய ஆறு மணி. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளையைப் படுக்கப் போட்டுவிட்டு அவர்கள் அம்மாவுக்கு அடிக்கிற நேரம் அது. இங்கே அம்மாவின் போனோ இரவு முழுக்கச் சார்ஜில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் சாமி அறை மேசையில் கிடந்திருக்கும். அப்படிக் கிடக்கும் போன் பேட்டரியைச் சேமிக்கத் தன்பாட்டில் தூங்கிவிடும். 2015 இல் வந்த ஆண்ட்ரொய்ட் 6 இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அதோடு நின்றால் பெரிய பிரச்சினையில்லை. விலை குறைந்த போன்களைச் செய்கிற கொம்பனிகள் அதற்கு மேலும் தங்கள் பங்குக்கு இறுக்கிவிடுகின்றன. வட்ஸ்அப்பையும் வைபரையும் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்தி விடுகின்றன. ஆகவே மகள் அடிக்கும்போது மணி ஒலிப்பதில்லை. அம்மா போனைத் தொட்டுத் திரை வெளிச்சம் வந்த பிறகுதான் எல்லாம் வந்து கொட்டும். செட்டிங்ஸில் அப்ஸ் என்ற இடத்துக்குப் போய், வட்ஸ்அப்பைத் தெரிவுசெய்து, அதில் பேட்டரி என்பதைத் தொட்டு, "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று வையுங்கள். சில போன்களில் "ஓட்டோ ஸ்டார்ட்" என்று தனியே ஒன்றிருக்கும், அதையும் போட்டுவிட வேண்டும். வைபரில் கதைப்பவர்கள் வைபருக்கும் இதையே செய்ய வேண்டும். இது தெரியாமல், போன் பழுது என்று நினைத்து ஒரு மகள் கனடாவிலிருந்து ஆள் மூலம் புதுப் போன் அனுப்பியிருந்தாள். புதுப் போனிலும் அதே கதை. நான் அந்த ஒரு செட்டிங்கை மாற்றிக் கொடுத்தேன், பழைய போன் இப்போது பேரனிடம் கேம் விளையாடுகிறது.

இன்னுமொன்று, விளம்பரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் "போன் கிளீனர்" அப்கள். அவை துப்புரவாக்குவது வரவேண்டிய அழைப்புகளைத்தான். உடனே அழியுங்கள். பேரனின் புது நம்பரிலிருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்காமல் இருந்தால், வட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில் தெரியாத நம்பர்களை மௌனமாக்கும் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2023 இல் வந்த வசதி அது. தொல்லை அழைப்புகளைத் தடுக்க நல்லதுதான், ஆனால் போட்டது மறந்துபோகும். அழைப்பு எடுபட்டும் குரல் கேட்கவில்லையென்றால் முதலில் புளூடூத்தை நிறுத்திப் பாருங்கள். எங்கள் பிளட் வீடுகளில் மகன் அறையில் இருக்கும் ஸ்பீக்கரோடு அம்மாவின் போன் தானாக ஒட்டிக்கொள்ளும். அக்கா லண்டனிலிருந்து குடும்பக் கதை முழுக்கச் சொல்வது அங்கேதான் கேட்கும். அதுவும் இல்லையென்றால், வட்ஸ்அப்புக்கு மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அதே அப்ஸ் பகுதியில் பார்க்கலாம்.

அடுத்தது பழைய நம்பர். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது எடுத்த சிம்மை எறிந்துவிட்டு இங்கே வேறு சிம் போட்டவர்கள் பலர். வட்ஸ்அப் பழைய நம்பரிலேயே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. போன் உடைந்து புதுப் போன் வாங்கிய அன்று, சரிபார்க்கும் ஆறு இலக்கக் கோட் அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும். கொம்பனி அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய போன் வேலை செய்யும்போதே வட்ஸ்அப்பில் அக்கவுண்ட் என்ற இடத்துக்குப் போய் நம்பரை மாற்றுங்கள். வங்கியில் கொடுத்திருக்கும் நம்பரையும் கிளைக்கு நேரில் போய் மாற்ற வேண்டும். வங்கி மெசேஜில் அனுப்பும் ஒருமுறைக் கோட், அதாவது ஓ.டி.பி., வரவில்லை என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வங்கியில எந்த நம்பர் குடுத்திருக்கிறீங்கள்?" என்பதைத்தான். நம்பர் சரியென்றால், மெசேஜ் அப்பில் ஸ்பாம் என்று ஒரு பெட்டி இருக்கிறது, வங்கியின் மெசேஜ் சில வேளை அதற்குள் கிடக்கும்.

வங்கி அப் திறக்காததற்கு நான் காணும் காரணங்களில் ஒன்று எங்கள் நாட்டுக்கே உரியது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கியது. சனம் என்ன செய்தது? போன் வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் வி.பி.என். அப்பைப் போட்டது. தடை போய் எத்தனையோ காலம், வி.பி.என். மட்டும் இன்னும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தையில் இருக்கும் போன் வங்கிக்குச் சிங்கப்பூரில் இருப்பதாகத் தெரிந்தால், சில அப்கள் திறக்காது. இலவச வி.பி.என். என்றால் வட்ஸ்அப் அழைப்பும் இழுபடும். திரையின் மேலே சிறிய திறப்புப் படம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் நிறுத்துங்கள்.

போனின் திகதி நேரம் பிழையாக இருந்தாலும் பாதுகாப்பான இணைப்பு எதுவும் எடுபடாது. பேட்டரி முழுதாய் இறந்து எழும்பிய பழைய போன்களில் இதைக் காணலாம். திகதி நேரத்தை ஓட்டோமெட்டிக்கில் விட்டால் போதும். போனை எங்கேயாவது ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய பிறகு வங்கி அப் மட்டும் மறுத்தால், டெவலப்பர் ஒப்ஷன்ஸ் என்ற, அப் செய்பவர்களுக்கான செட்டிங்ஸைத் திறந்து விட்டிருக்கிறார்களா என்று பார்த்து மூடவும்.

இனிக் காசு. மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூஆர் நல்ல திட்டம். எந்த வங்கியின் அப் என்றாலும் ஒரே ஸ்டிக்கரை ஸ்கான் செய்யலாம். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவிலிருந்து வருபவர்கள்கூடத் யூ.பி.ஐ. என்ற தங்கள் நாட்டுக் காசு கட்டும் முறையின் அப்பால் இங்கே கட்டலாம். சென்னையிலிருந்து சேலை விற்க வந்தவர் என் கண்முன்னே காலி வீதிச் சாப்பாட்டுக் கடையில் சட்டென்று கட்டிவிட்டுப் போகிறார். அடுத்த மேசையில் இருக்கும் எங்கள் ஓய்வூதிய மாஸ்டரின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி, ஏதோ பிழையாகிவிட்டது என்று. என்ன பிழை, காசு யாரிடம் நிற்கிறது, திரும்ப அழுத்தலாமா, ஒன்றும் இல்லை. முதலாளி தனக்கு மெசேஜ் வரவில்லை என்கிறார். மாஸ்டர் மானத்துக்குப் பயந்து திரும்பவும் கட்டுகிறார். மாலையில் பார்த்தால் இரண்டும் போயிருக்கின்றன.

அந்த வட்டம் சுற்றினால் திரும்ப அழுத்தாதீர்கள். அப்பை மூடித் திறந்து, கணக்கின் கடைசிக் கொடுக்கல் வாங்கலைப் பாருங்கள். காசு வெட்டுப்பட்டிருந்தால் அந்த ரெபரன்ஸ் இலக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கடைக்காரருக்குக் காட்டுங்கள். அவருக்குப் பிறகும் போய்ச் சேராவிட்டால் முறைப்பாடு செய்யவேண்டியது உங்கள் வங்கியிடம், கடைக்காரரின் வங்கியிடமல்ல. எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தின் இலக்கம் 1935. கடைக்காரர்களும் சும்மா இருக்கக் கூடாது. வெயிலில் வெளிறிப்போன ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு "உங்கட கமரா சரியில்லை" என்று ஆட்களைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருடர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. தெரிந்தவரின் நம்பரிலிருந்தே மெசேஜ் வரும்: "பிழையா உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ." அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவன் கையில். அடுத்த அரை மணித்தியாலத்தில் பாரிஸில் இருக்கும் தம்பியிடம் உங்கள் பெயரில் அவசரக் காசு கேட்பான். வட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் என்பதைப் போட்டு ஓர் ஆறு இலக்கப் பின் வைத்தால், கோட் மட்டும் கிடைத்தவனால் நுழைய முடியாது. ஏமாந்துவிட்டால் இணைய மோசடிகளைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) 101 இலக்கத்துக்கு எடுங்கள். வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள், அந்த நேரத்துக்குள் அவன் அடுத்த ஆளிடம் போய்விடுவான்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிக் கிளைகளில் தமிழ் தெரிந்த ஒருவரை, விற்பனை இலக்கு எதுவும் கொடுக்காமல், போன் அலுவலுக்கென்றே ஒரு மேசையில் இருத்துங்கள். முழு நாளும் வேண்டாம், காலையில் இரண்டு மணித்தியாலம் போதும். கிரெடிட் காட் விற்க வாசலில் ஆள் நிறுத்த முடிகிறதென்றால் இதுவும் முடியும். காசு நடுவில் நின்றால் அது எங்கே நிற்கிறது, எப்போது திரும்பும் என்பதை மூன்று மொழியிலும் திரையில் காட்டுங்கள். கணக்குத் திறக்கும்போது எங்களிடம் எந்த மொழி என்று படிவத்தில் கேட்கிறீர்கள்தானே.

என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒன்று. ஆள் பக்கத்தில் நிற்க, அவர் கையாலேயே பின்னை அழுத்த விடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அழுத்தும்போது திரும்பி போட்டோகொப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது. "உம்மில நம்பிக்கை இல்லாமலே தாறன்?" என்று ஒரு ஐயா கோபித்துக்கொண்டு போயும்விட்டார்.

உங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பகுதியில் புதிய ஐபோனின் கமரா பற்றி அரைப் பக்கம் வருகிறது. அதில் நாலு விரற்கடை இடத்தை இப்படியான செட்டிங்ஸுக்கு வாரம் ஒருமுறை ஒதுக்கினால், வெட்டி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி வைப்பேன். கடையின் பெயரைப் போட வேண்டாம். போட்டால் இன்னும் ஆட்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.