ஆற்காடு வைரங்கள் மணிமுடியில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆற்காடு நவாப் கொடுத்த வைரங்கள் இன்றும் லண்டன் கோபுரத்தில் பிரிட்டிஷ் மணிமுடியில் பதிந்திருப்பதாகச் சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. அவை அரச குடும்பத்தின் கையைவிட்டுப் போய் 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அரியணையோடு சேர்ந்து வரும் அரசு நகைகளையும் அரசியின் சொந்த நகைகளையும் ஒன்றென்று எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. முதல் வகை, அடுத்து முடிசூடுபவருக்கு. இரண்டாவது வகை, உயில் சொல்கிறபடி.

தஞ்சாவூரை 1773இல் பிடித்து 1776இல் பறிகொடுத்தவர் நவாப் முகமது அலி வாலாஜா. கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளிடம் வாங்கிய கடனில் கழுத்துவரை மூழ்கியிருந்த அவர், மறு ஆண்டே மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட்டுக்கு ஐந்து வைரங்களை அன்பளிப்பாகத் தந்தார். ஆகவே அவை அரசியின் சொந்தச் சொத்து.

1818இல் இறந்த சார்லட், உயிலில் நகைகளை வகை பிரித்தே எழுதியிருந்தார். கல்யாணத்தில் கணவர் போட்டவை, பிரிட்டிஷ் மன்னர்களே அப்போது சேர்த்து ஆண்ட ஜெர்மன் நாடான ஹனோவரின் வம்சத்துக்கு. நவாப் தந்த வைரங்களை விற்று, பணத்தை இளைய மகள்கள் நால்வருக்கும் பங்கிட வேண்டும். இரண்டுமே அப்போது நடக்கவில்லை. ஹனோவரில் பெண் ஆளக்கூடாது என்பதால் 1837இல் அந்த நாடு விக்டோரியாவின் சித்தப்பாவுக்குப் போனது. அவர் அந்தக் கல்யாண நகைகளையும் கேட்டார். இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் தீர்ப்பு ஹனோவர் பக்கம் வந்து, 1858 தொடக்கத்தில் விக்டோரியா நகைகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. மகள்களுக்கு அந்த நியாயம்கூடக் கிடைக்கவில்லை. அண்ணன் நான்காம் ஜார்ஜ் ஆற்காடு வைரங்களைத் தாமே வைத்துக்கொண்டார். கட்டுரை இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவர் காலத்துக்குப் பின் வைரங்கள் அரண்மனை நகை வணிகர்களிடம் போய், 1837இல் ஏலத்துக்கு வந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வாங்கினார். நாசிக் வைரத்தையும் அதே ஏலத்தில்தான் எடுத்தார். 1930இல் இரண்டு பெரிய ஆற்காடு கற்களும் அக்குடும்பத்தின் தலையணி ஒன்றில் பதிக்கப்பட்டன. 1959இல் இறப்பு வரி கட்டுவதற்காகத் தலையணி விற்கப்பட, நியூயார்க் வணிகர் ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுனுக்கு வாங்கினார்.

கட்டுரை தரும் 33.70, 23.65 காரட் எடைகள் அதுவரைக்குமானவை. வின்ஸ்டன் கற்களைக் கழற்றி, தெளிவும் ஒளியும் கூடட்டும் என்று மறுபடி பட்டை தீட்டினார். பெரியது 31.01 ஆனது, சிறியது 18.85. சிறியது பிறகும் ஒருமுறை தீட்டப்பட்டு 17.21இல் நிற்கிறது, நவாப் கொடுத்த கல்லில் கால் பங்குக்குமேல் தூளாகிவிட்டது. எடை மாறினால் கல்லின் அடையாளமே மாறிவிடும். பழைய எடையை வைத்துத் தேடினால் இந்தக் கல் அகப்படாது. 2019இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 33.75 லட்சம் டாலருக்குப் போனது ‘ஆற்காடு இரண்டு’ என்ற இந்த 17.21 காரட் கல்தான். அடுத்த இதழில் இடத்தையும் எடையையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சேப்பாக்கம்