படத்தை எடுத்துக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பைப் பார்த்து ஏதோ ஸ்டுடியோக்காரர்களுக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழில் கேமராவில் படம் பிடிப்பதும் 'எடுப்பது'தான், ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் போட்ட படத்தை நீக்குவதும் 'எடுப்பது'தான். முதல் வேலைக்கு ஒரு விநாடி போதும். இரண்டாவது வேலைக்காக நான் 14 வருடம் அலைந்தேன். இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கண் முன்பு போல இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போனை எழுந்து எடுக்க உடம்பும் ஒத்துழைக்கவில்லை. நேரில் நன்றி சொன்னால் உங்களில் பாதிப் பேர் "அட, போங்கக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுத்தில்.

2011இல் மதுரையில் நான் ஆறு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஹால் டிக்கெட் பிரிண்ட், பஸ் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், இதுதான் வியாபாரம். ஒரு சாயங்காலம் கல்லூரிப் பெண் ஒருத்தி கடைசி கேபினில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமாக ஒன்றும் டைப் பண்ணாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தேன். அவள் பெயரில் யாரோ தொடங்கிய போலிக் கணக்கு. முகம் அவளுடையது, உடம்பு வேறு யாருடையதோ, கீழே அவள் வீட்டுப் போன் நம்பர். "இதை எப்படிக்கா எடுக்கிறது?" என்றாள். எனக்கும் தெரியாது.

அந்தப் படம் போக 41 நாள் ஆயிற்று. அந்த 41 நாளும் ரிப்போர்ட் பட்டனை அழுத்தியது சென்டருக்கு கேம் விளையாட வந்த பையன்கள். ஒருத்தனும் அவளைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை விடவில்லை. இப்போது உங்களில் சிலர் பெண் பிள்ளைகளுக்கு அப்பா. முதல் நன்றி உங்களுக்குத்தான் தம்பிகளா. அன்று கேம் விளையாடிய காசை நான் வாங்காமல் இருந்திருக்கலாம், வாங்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து அழுத்தினால் சீக்கிரம் போய்விடும் என்று வெகுநாள் நம்பினோம். அது தப்பு என்று சொல்லித்தந்தவர் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்துத் தள்ளும் வேலையில் இருந்த ஒரு தம்பி. வேலையை விட்ட பிறகு என்னைத் தேடி வந்தார். எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள் என்பதைவிட எந்தத் தலைப்பின் கீழ் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று அவர் சொன்ன அன்று எனக்குப் பாதி உயிர் வந்தது. அதுவரை எல்லாவற்றையும் 'பிடிக்கவில்லை' என்ற இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தோம். "அக்கா, என் முன்னால் ஒரு பதிவு சில நொடிதான் நிற்கும். அந்த நொடிக்குள் இது அவள் சம்மதம் இல்லாமல் போட்ட படம் என்று எனக்குப் புரிய வேண்டும்" என்றார். அவர் சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைப்பார். ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார், நான் மேலே கேட்கவில்லை. படத்தை எடு, எடு என்று நாம் கத்தும்போது மறுமுனையில் அதைப் பார்த்தே ஆக வேண்டிய ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அது என் புத்தியில் ஏறக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அடுத்தது என் நோட்டு. நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. தமிழ் வசவுகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும்போது, பதிவுகளைச் சலித்துப் பார்க்கும் கம்பெனி இயந்திரத்துக்கு ஒன்றும் பிடிபடாது. ழகரத்தை ஒருவன் இசட்-எச் போட்டு எழுதுவான், இன்னொருவன் வெறும் எல், மூன்றாமவன் இசட் மட்டும். ஒரே வார்த்தை, மூன்று வேஷம். ஒன்று பிடிபட்டால் மற்ற இரண்டும் தாராளமாக உலாவும். 'ஐட்டம்' என்று ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே எழுதினால் அதை விற்பனைப் பொருள் என்று எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பெயரோடு ஒரு மிருகத்தின் பெயரைச் சேர்த்தால் அது சாதி வசவு என்று எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அமெரிக்காவில் இருக்கும் கம்பெனிக்குத் தெரியாது. இதையெல்லாம் பொருளோடு, எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு எழுதி, கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தோடும் இணைத்தேன்.

நோட்டு ஒருநாள் அம்மா கையில் சிக்கியது. "இதெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?" என்று அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "இதில் ரெண்டு விட்டுப்போச்சு" என்றார். அம்மா இப்போது இல்லை. அந்த இரண்டும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.

நோட்டைச் சரிபார்த்த தமிழ்ப் பேராசிரியர் அய்யாவுக்கும் நன்றி. கூச்சப்படாமல் ஒவ்வொன்றுக்கும் வேர்ச்சொல் சொன்னார், அது தேவையே இல்லை என்றாலும். யூடியூபின் கீழ் வரும் தமிழ்-ஆங்கிலக் கலப்புக் கருத்துகளில் சுமார் 44,000ஐத் திரட்டி, ஒவ்வொன்றையும் மனிதர்கள் படித்து வகை பிரித்து, இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் பார்த்ததில்லை. ஆனாலும் என் நோட்டுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள்.

இனி நான் அதிகம் சண்டை போட்ட மனிதருக்கு வருகிறேன். நம் வழக்கறிஞர் அண்ணனுக்கு. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எனக்கு அப்போது ஒரே ஆயுதம். அவரோ அதை ஒழிக்க வேண்டும் என்றவர். 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் பேஸ்புக்கில் கருத்து எழுதியதற்கு ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்டதற்கு இன்னொரு பெண்ணையும் கைது செய்ததைக் காட்டி, "நீ காப்பாற்ற நினைக்கிற பெண்ணையே பிடித்து உள்ளே போடும் சட்டம் இது" என்றார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏவை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், நீதிமன்றமோ அரசோ உத்தரவு போட்டால்தான் கம்பெனி பதிவை நீக்கக் கடமைப்பட்டது என்ற பொருளும் வந்தது. எனக்குத் தலையில் இடி. இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் அவரே கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அந்தரங்கப் படம், ஆபாசப் பதிவு பற்றிய 66இ, 67, 67ஏ பிரிவுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, இனி இப்படி எழுது என்று மாதிரிப் புகார் மனு. அதை எத்தனை ஜெராக்ஸ் போட்டோம் என்று கணக்கில்லை.

டிக்டாக் விஷயத்திலும் அவர்தான் என் கொட்டத்தை அடக்கினார். 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் செயலியைத் தரவிறக்கம் செய்யத் தடை போடச் சொன்னபோது நான் கடையில் லட்டு கொடுத்தேன். ஏப்ரல் 24 அன்று, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாரின் வாதத்தையும் கேட்டு, நிபந்தனையோடு தடையை நீக்கினார்கள். நான் கொதித்தேன். அந்த மூன்று வாரத்தில் எனக்கு வந்த போன்கள் குறைந்தனவா என்று அண்ணன் கேட்டார். குறையவில்லை. ஏற்கெனவே செயலி வைத்திருந்தவர்கள் வைத்திருந்தார்கள், வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. கடையை இழுத்து மூடுவது வேறு, கடைக்குள் என்ன விற்கிறது என்று பார்ப்பது வேறு. நான் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டாவதை. அதை எனக்கே ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு காவல் நிலையத்தில், பெயர் வேண்டாம், அழுதுகொண்டு நின்ற பெண்ணிடம் "நீ ஏம்மா போட்டோ அனுப்பின?" என்று கேட்டதை இந்தக் காதால் கேட்டேன். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் முகத்தை வேறு உடம்போடு ஒட்டிய மார்பிங் படத்தால் ஒரு பெண் உயிரை விட்ட செய்தி வந்த அன்று எனக்கு அந்தக் குரல்தான் திரும்பக் கேட்டது. அதனால்தான் சைபர் பிரிவில் இருந்த அந்த எஸ்.ஐ. அம்மாவை மறக்க முடியாது. அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது, "லிங்க் இருக்கா?" பொள்ளாச்சி வழக்குச் செய்திகளில் ஊரே நடுங்கிக்கிடந்த 2019இல், பயந்து பின்வாங்கிய மூன்று பெண்களை அவர் வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வந்தார்.

2021 பிப்ரவரியில் சமூக வலைத்தளக் கம்பெனிகளுக்கு மத்திய அரசின் புதிய விதிகள் வந்தன. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்றன. அந்த விதிகளில் வேறு சில இடங்கள் எனக்கும் பிடிக்கவில்லை, அண்ணனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் 41 நாள் எண்ணியவளுக்கு 24 மணி நேரம் என்பது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அந்த விதியைச் சுருக்கித் தமிழில் நோட்டீஸாக அடித்துத் தந்த அச்சகத்துக்காரர் பாதிப் பணம்தான் வாங்கினார்.

எடுத்த படம் வேறு இடத்தில் மறுபடி முளைக்கும். அதற்காக 2021 டிசம்பரில் வந்த ஸ்டாப்-என்சிஐஐ வசதியைச் சொல்லித்தந்தது என் அண்ணன் மகள். படம் நம் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும், அதை வைத்து இதில் சேர்ந்த கம்பெனிகள் அதே படத்தை அடையாளம் கண்டு தடுக்கும் என்று அவள் உருளைக்கிழங்கை வெட்டி மையில் தொட்டு அச்சு வைத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு எல்லாப் பெண்களுக்கும் நானும் உருளைக்கிழங்கோடுதான் விளக்கினேன்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் இளம் பெண் வழக்கறிஞரின் சம்மதமில்லாமல் பரவிய அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வழக்குப் போட்டாரே, அதற்கு ஒரு கும்பிடு.

போன் நம்பர் மாறவில்லை. சிம்மையும் நோட்டையும் இரண்டு தங்கச்சிகளிடம் கொடுத்துவிட்டேன், ராத்திரியிலும் எடுப்பார்கள். அவர்களுக்குக் கூப்பிடும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள். "பாருங்கக்கா" என்று படத்தை அனுப்பாதீர்கள். லிங்க், தேதி, எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அது போதும். அப்புறம், சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அன்புடன்,
பிரவுசிங் சென்டர் அக்கா,
மதுரை