மூட்டையும் டின்ட்லி ஐயரும்

அன்புள்ள தேவராஜ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு பக்கம்! முட்டுவலி, சர்க்கரை, வரப்புத் தகராறு, மூத்தவன் போன் பண்ணுவதில்லை என்று அத்தனையும் எழுதிவிட்டு, "சும்மா மனசு ஆறத்தான் எழுதினேன், பதில் போடவேண்டாம்" என்று முடித்திருக்கிறாய். அப்படி விட்டுவிடுகிற ஆளா நான்?

என் பாடு இதுதான். கோயில் பாடகர் குழுவில் (கொயரில்) ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையிலிருந்து என்னை அடிக்குரலான பேஸுக்குத் தள்ளிவிட்டார்கள். மேலே போனால் சுரம் வரவில்லை, இருமல்தான் வருகிறது. பேஸில் மட்டும் என்ன வாழ்கிறது? அங்கே யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

லீவுக்கு வந்த பேரன் போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டினான். 1927-இல் வாஷிங்டன் பிலிப்ஸ் என்பவர் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் பாடிப் பதிவு செய்தது. இசைத்தட்டு தேய்ந்து ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து சின்ன மணிகள் உருள்வதுபோல ஒரு தந்தி வாத்தியம், அலட்டிக்கொள்ளாத ஒரு குரல். உன் சுமையைக் கர்த்தரிடம் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு வா என்பதுதான் பல்லவி. எனக்கு உன் நாலு பக்கம் ஞாபகம் வந்தது.

பாட்டைக் கட்டியவர் பிலிப்ஸ் இல்லை. அதே நாட்டில் பிலடெல்பியாவில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகராக, நம் பேச்சில் ஐயராக, இருந்த சார்லஸ் ஆல்பர்ட் டின்ட்லி. 1916-இல் அச்சில் வந்த பாட்டு. அவர் கதையைக் கேள்.

1851-இல் மேரிலாந்தில் பெர்லின் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா அடிமை, அம்மா சுதந்திரமானவள். பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்பது அந்தக் காலத்துச் சட்டம், அதனால் இவர் தப்பினார். ஆனால் தாய் சீக்கிரமே போய்விட, சின்ன வயதிலேயே பிறத்தியார் வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். அங்கே புத்தகத்தைத் தொடவிட மாட்டார்கள். பாதையில் கிடக்கும் செய்தித்தாள் துண்டுகளைப் பொறுக்கி ஒளித்துவைத்து, ராத்திரி பைன் சுள்ளி வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில், வேதம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முன்னால் வரட்டும் என்றாராம் பிரசங்கியார். செருப்பில்லாத காலோடு இந்தப் பையன் எழுந்து எல்லோர் முன்னாலும் நடந்து போயிருக்கிறான். நம் ஊர்க் கோயிலில் வேதபாடப் போட்டிக்கு நீ அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கை நீளத்தை மடித்து மடித்துவிட்டுக்கொண்டு நின்றாயே, அதை நினைத்துக்கொண்டேன்.

பெரியவனாகி பிலடெல்பியாவுக்குப் போனவர், செங்கல் சுமக்கிற சித்தாள் வேலை பார்த்தார். கூடவே ஒரு கோயிலில் பெருக்கித் துடைக்கிற வேலை. நம் பக்கத்தில் கோயில்குட்டி என்போமே, அது. இதற்கு நடுவே கிரேக்க மொழியைத் தபால் வழியாகவும், எபிரெய மொழியை அங்கிருந்த யூதர்களிடமும் கற்றுக்கொண்டிருக்கிறார். 1885-இல் ஊழியத்துக்குள் வந்து, பல சபைகளைப் பார்த்துவிட்டு, 1902-இல் தாம் பெருக்கிய அதே சபைக்குக் குருவானவராகத் திரும்பி வந்தார். நம் ஊரில் இது நடந்திருந்தால் முதல் ஆறு மாதம் கமிட்டிக்காரர்கள் யாரும் நேருக்கு நேர் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கேயோ சுமார் 130 பேர் இருந்த சபை ஆயிரக்கணக்கில் பெருகியது.

1901-இல் வந்த அவருடைய இன்னொரு பாட்டு, ஒருநாள் நான் ஜெயிப்பேன் என்பது. பிற்பாடு மார்ட்டின் லூதர் கிங் காலத்து ஊர்வலங்களில் "நாம் ஜெயிப்போம்" என்று பாடினார்களே, அதற்கு இதுதான் வித்து என்பவர்கள் உண்டு. மெட்டு வேறு என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை.

அக்கறை மூட்டைப் பாட்டில்தான். கவலைகளைக் கொண்டுவந்து கொட்டிய ஒருவரிடம், எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக் கர்த்தரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்று இவர் சொன்னாராம், பாட்டு அப்படிப் பிறந்ததாம். செங்கல் சுமந்த தோள்பட்டைக்காரர் சொன்னதால் எனக்கு அது வாய்ச்சொல்லாகப் படவில்லை. முதல் சரணம் கையில் காசில்லாததைச் சொல்கிறது, அடுத்தது உடம்பு நோவை, கடைசிச் சரணம் வயசாகிக் கூன் விழுந்துபோவதை. உன் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது. (வரப்புத் தகராறு மட்டும் இல்லை.)

55-ஆம் சங்கீதத்தில் நாம் மனப்பாடமாக ஒப்பித்ததை யோசித்துப் பார்த்தேன். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு." வை என்று மட்டும் சொல்லவில்லை பார், வைத்துவிடு. நான் இத்தனை வருஷமும் வைத்தேன், ஆமென் சொன்னதும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் சரோஜா கண்மூடிய வருஷம் முழுக்க அப்படித்தான். டின்ட்லிக்கும் அடி விழாமலில்லை. 1924-இல் புதுக் கோயில் கட்டி முடித்து, அதற்குள் சபை முதன்முதலாகக் கூட இருந்த நாளில் அவர் மனைவி டெய்சி இறந்துபோனாள். அதற்கு எட்டு வருஷம் முந்தியே இந்தப் பாட்டை எழுதி வைத்திருந்த மனுஷன், அன்றைக்கு அதைப் பாட நினைத்திருப்பாரா? எனக்கானால் வாய் திறந்திருக்காது.

கோயில் விருந்துக்கு, அசனத்துக்கு, கட்டாயம் வா. பஸ்ஸில் முட்டு மடக்க முடியாது என்று சாக்குச் சொல்லாதே, ரயிலில் வா, பேரனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். நாம் பாட்டுகளின் சுரங்களை டானிக் சால்ஃபா எழுத்துக் குறிகளில் எழுதிவைத்த அந்தப் பச்சை நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? எடுத்து வா. கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்த ஞாபகம். பாட்டை நான் தமிழில் அரைகுறையாகக் கட்டி வைத்திருக்கிறேன். டெனரை நீ எழுது, பேஸ் என் பொறுப்பு.

உன் பழைய டெனர்,
ஜேக்கப்